பதினோரு வீட்டுக்குக் கடிதம்

பள்ளிக்கூடம் திறக்கும் கடிதத்தில் முதல் விஷயமாக நான் எப்போதும் குடையைத்தான் எழுதுவேன். வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. நனைந்த பாவாடையோடு ஒரு குழந்தை சாயங்காலம்வரை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தால் பாடமும் ஏறாது, சளியும் இறங்காது. எழுதியும் பாதிப் பேர் வாங்கித்தர மாட்டார்கள். அது வேறு விஷயம்.

முதலிலிருந்து சொல்லும் என்றீர்கள். முதல் என்றால் குடைதான், இன்ஸ்பெக்டர் பிள்ளைவாள். கோலப்ப பிள்ளை என்று பெயரைக் கேட்டதுமே எனக்குப் பாதி நிம்மதி. நாஞ்சில்நாட்டுக்காரர், தமிழ் வாசிக்கத் தெரிந்தவர். இத்தனை நாளும் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசினவர்களில் பாதிப் பேருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாது. நீங்களாவது கையெழுத்தைப் பார்ப்பீர்கள். ஓரிடத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது.

என் பெயர் சேஷன். ஸ்ரீவராகத்தில் வீடு. பெண்கள் மிடில் ஸ்கூலில் பத்தொன்பது வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்ஷி. ஆபீஸ் எழுத்து வேலையும் கொஞ்சம் பார்ப்பேன். ஒவ்வொரு இடவ மாதமும் ஹெட்மிஸ்ட்ரஸ், பெற்றோர்களுக்கு ஒரு கடிதம் இங்கிலீஷில் எழுதுவார். எந்த வகுப்புக்கு எந்த டீச்சர், மணி எத்தனைக்கு அடிக்கும், தையலுக்கு எவ்வளவு துணி, கோயில் ஆறாட்டுத் திருவிழாவுக்கு எத்தனை நாள் லீவு, எல்லாம் அதில் இருக்கும். மலையாள முன்ஷி அதை மலையாளத்தில் ஆக்கி அச்சுக்குக் கொடுத்துவிடுவார். தமிழ் வீடுகள் கொஞ்சம்தானே, அவற்றுக்கு நானே கைப்பட எழுதுவேன். இந்த வருஷம் பதினோரு வீடு.

உங்கள் கான்ஸ்டபிள் கொண்டுவந்து வைத்த தண்ணீரை நான் தொடாமல் இருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜாதி பார்த்து அல்ல. காய்ச்சினதா என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பதினோரு பெண்களும் சும்மா வந்துவிடவில்லை. அக்ரகாரத்தில் பெண் குழந்தையை ஐந்தாம் கிளாசுக்கு மேல் அனுப்பச் சொல்வது என்ன லேசான காரியமா? வீடு வீடாக ஏறி இறங்கினேன். முகத்தில் அடித்தாற்போல் பேசினவர்கள் உண்டு. கோயில் ஆபீசில் வேலை பார்க்கும் ஸ்ரீனிவாசன் தம் பெண் சீதாலக்ஷ்மியை அனுப்பவே மாட்டேன் என்று நின்றார். படிப்பு அவருக்குப் பிரச்னை இல்லை. தண்ணீர்தான். பத்து ஜாதிக் குழந்தைகள் குடிக்கிற கிணற்றில் தம் பெண் எப்படிக் குடிப்பாள் என்றார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நம் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு சிறு கிணறு இருக்கிறது, இறைத்துக் கொடுக்க நம்மவள் ஒரு மாமி இருக்கிறாள், அதற்கு நான் பொறுப்பு என்றேன்.

"அண்ணா, நீங்க சொன்னாப் போறும்" என்றார் ஸ்ரீனிவாசன். "உங்களை நம்பித்தான் அனுப்பறேன். ஒத்தைப் பொண்ணு."

சீதை நல்ல புத்திசாலி. என் பெண் விஜயத்துக்கு ஒரே பெஞ்சிக் கூட்டாளி. வருஷா வருஷம் என் கடிதம் அவள் வீட்டுக்குப் போனதும் அவளைத்தான் உரக்க வாசிக்கச் சொல்வார்களாம். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்து கேட்பார்களாம். முன்ஷி வாத்தியார் எழுதினால் மங்களப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த வருஷம் கோடை லீவில் சுகாதார இலாகா ஆள் ஒருவர் வந்தார். இரண்டு கிணற்றிலிருந்தும் சீசாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். பத்து நாளில் பதில் வந்தது. பெரிய கிணறு சுத்தம். சிறு கிணற்றில் பக்கத்துக் கக்கூஸ் குழியின் ஊறல் கலந்திருக்கிறது, விஷஜுரம் வரும், மழைக்காலம் முடிந்து தூர்வாரும்வரை யாரும் வாயில் வைக்கக்கூடாது. பியூன் இரண்டு பலகையைப் போட்டுச் சிறு கிணற்றை மூடினான். ஹெட்மிஸ்ட்ரஸ் ஓமனா அம்மாள் என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார்.

"சாமி, நாலாமத்தது முக்கியமாக்கும். நல்லவண்ணம் எழுதணும்" என்றார். நல்ல பெண்மணி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாலாவது விஷயம் இதுதான்: அக்ரகாரத்துக் குழந்தைகளுக்கான சிறு கிணற்றில் கக்கூஸ் ஊறல் கலந்திருப்பதால் அது மூடப்படுகிறது, இனி எல்லாரும் பெரிய கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டியது, அதில் மனமில்லாதவர்கள் வீட்டிலிருந்து காய்ச்சி ஆறின தண்ணீரைக் கொடுத்தனுப்ப வேண்டியது.

இதைப் படித்தால் எங்கள் தெருவில் என்ன நடக்கும் என்று ஓமனா அம்மாளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கக்கூஸ் ஊறல் என்ற ஒரு வார்த்தை போதும். இத்தனை நாள் அதையா குடித்தோம் என்று பிராயச்சித்தத்துக்கு ஆள் தேடுவார்கள். பெரிய கிணறு என்ற வார்த்தைக்கு மறுநாளே பெண்களை நிறுத்திவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு வீட்டில் கல்யாணப் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

தமிழ் வகுப்பில் பத்துப் பேருக்குக் குறைந்தால் வகுப்பை எடுத்துவிடுவார்கள், முன்ஷியையும் தெற்கே எங்காவது மாற்றிவிடுவார்கள் என்று மலையாள முன்ஷி உங்களிடம் சொன்னாராம். உண்மைதான். ஆனால் அதை நினைத்து நான் எழுதவில்லை. அந்தப் பெண்களின் படிப்பை நினைத்துத்தான் எழுதினேன். நான் எழுதினது இதோ உங்கள் கையில் இருக்கிறது: "நாலாவது, குழந்தைகளுக்கு வழக்கம்போல் தனி ஜலம் ஆசாரமாக வழங்கப்படும். பெற்றோர் கவலைப்பட வேண்டியதில்லை."

கைதவறி எழுதியிருப்பேனா என்று வக்கீல் கேட்டார். என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார், பாவம். ஒரு கடிதத்தில் என்றால் கைதவறலாம். பதினோரு கடிதத்திலும் அதே வரி, அதே இடத்தில். அப்படிச் சொன்னால் என் கையெழுத்துக்கு அவமானம்.

ஓமனா அம்மாள் பதினொன்றிலும் கையெழுத்துப் போட்டார். "எனக்குத் தமிழ் வாசிக்க அறியில்லல்லோ. சாமி எழுதியால் சரியாயிருக்கும்" என்று சிரித்தார். தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டபோது, எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து தெருவிலிருந்து ஒரு குடம் கொண்டுவர ஒப்புக்கொண்டார்கள், மாமி கொண்டுவருவாள் என்றேன். சந்தோஷப்பட்டார். மாமியிடம் போய், பலகையை நகர்த்தி இறைத்துக்கொள்ள ஹெட்மிஸ்ட்ரஸ் உத்தரவு கொடுத்துவிட்டார், மற்றக் குழந்தைகள் பார்த்தால் அவர்களும் கேட்பார்கள், பியூன் வருவதற்குமுன் விடிந்ததும் இறைத்து அண்டாவை நிரப்பிவிடு என்றேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். நான் சொன்னது இரண்டு.

நிஜமாகவே தெருவிலிருந்து ஒரு குடம் வரவழைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டது நியாயம். ஆனால் குடம் தெருவழியே வந்தால் ஏன் வருகிறது என்று கேட்பார்கள். தனிக் கிணறு இருக்கிறது என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் வார்த்தை என்ன ஆவது?

பள்ளிக்கூடம் திறந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. சிறு கிணற்றில் தண்ணீர் கையால் மொள்ளும் உயரத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது வாரம் மாமி வந்து, "ஜலம் கலங்கலா இருக்கு, ஒரு மாதிரி வாடை வரது" என்றாள். தேற்றாங்கொட்டையை அண்டாவின் உள்பக்கம் உரைத்துவிடச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் கண்ணாடியாய்த் தெளிந்துவிட்டது. நானே குனிந்து பார்த்தேன். அடியில் போட்ட காசு தெரியும், அவ்வளவு தெளிவு.

மிதுன மாதம், ஆனி பாதியில், முதல் குழந்தைக்குக் காய்ச்சல். மழைக்காலத்தில் யாருக்குக் காய்ச்சல் வராது? ஒரு வாரத்துக்குள் இன்னும் இரண்டு பேர். அப்போதாவது மாமியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொல்லியிருந்தால், இத்தனை நாள் இறைத்தது ஏன் என்ற கேள்வி வரும். வராத பெண்களின் வீட்டுக்கெல்லாம் நான் மறுபடி கடிதம் எழுதினேன். கஞ்சி கொடுங்கள், குளிர்ந்த காற்று படாமல் பாருங்கள், விட்டுப்போன பாடத்தை நான் வீட்டுக்கு வந்து சொல்லித்தருகிறேன் என்று. சொன்னபடி போகவும் போனேன். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வேகத்தில் என்னைத் தெரியவில்லை. பாடப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

பதினோரு பேரில் ஆறு பேர் படுத்தார்கள். ஆடி, கர்க்கடகம் முடிவதற்குள் நாலு பேர் போய்விட்டார்கள். நாலாவது சீதை.

பெரிய கிணற்றுத் தண்ணீரைக் குடித்த நூற்று நாற்பது பேரில் ஒருத்திக்கு ஒரு தும்மல்கூட இல்லை. எனக்கு அது இன்னும் ஆச்சரியம்தான்.

விஷயம் வெளிவந்தது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சீதை போன நாலாம் நாள் துக்கம் விசாரிக்க ஓமனா அம்மாள் கொட்டுகிற மழையில் ஸ்ரீனிவாசன் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அன்றாடம் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஸ்ரீனிவாசன் உள்ளே போய் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எத்தனை கவனமா எழுதியிருந்தேள் அம்மா. எல்லாம் பார்த்துப் பார்த்து. என் பொண்ணுதான் கொடுத்துவைக்கல" என்றார். அவருக்கு வேறு எண்ணமே கிடையாது. நன்றி சொல்லத்தான் எடுத்துவந்தார்.

ஓமனா அம்மாள் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு வாசிக்க அறியில்லா. நீங்க ஒண்ணு வாசியுங்கோ" என்றார். ஸ்ரீனிவாசன் வாசித்தார். குடை. மணி. தையல் துணி. நாலாவதை வாசித்ததும் அந்த அம்மாள், "அது மட்டும் இன்னொருக்கால் வாசியுங்கோ" என்றார். இரண்டாம் தரமும் வாசித்தார். மூன்றாம் தரம் கேட்டபோது ஸ்ரீனிவாசன் கடிதத்தை என்னிடம் நீட்டினார். அந்த அம்மாள் எதற்காகக் கேட்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஓமனா அம்மாள் அப்படியே நனைந்த படியில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்தார். "சாமி" என்றார். அவ்வளவுதான்.

நான் மறுக்கவில்லை. அங்கேயும் மறுக்கவில்லை, இங்கேயும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்: தேற்றாங்கொட்டை போட்டுத் தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்றுதான் மனப்பூர்வமாக நம்பினேன். சுகாதார இலாகாக்காரர்கள் இன்றைக்கு ஒன்று சொல்வார்கள், நாளைக்கு ஒன்று சொல்வார்கள். கெடுதல் வரும் என்று தெரிந்திருந்தால் சொந்தக் குழந்தைகள் மாதிரி வளர்த்த பெண்களுக்கு அதைக் கொடுப்பேனா?

என் விஜயத்தை நீங்கள் விசாரித்தது எனக்கு வருத்தம். பன்னிரண்டு வயசுக் குழந்தை. உங்கள் மேஜைமேல் இருக்கும் பித்தளைக் கூஜா அவளுடையதுதான். தினம் காலையில் நானே தண்ணீர் காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டி, மூடியைத் திருகிக் கொடுத்தனுப்பினேன். அவளுக்குத் தொண்டைக் கரகரப்பு. என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு.

சீதை விஷயத்தையும் விஜயம் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். அன்றைக்கு விளையாட்டு மணி முடிந்து சீதை ஓடிவந்தாள். "விஜயம், அண்டா ஜலம் நன்னாவே இல்லைடி, உன் கூஜாவுலேர்ந்து ஒரு வாய் குடேன்" என்றாள். விஜயம் மூடியைத் திருகினாள். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன்.

"சீதை, ஒருத்தர் பாத்திரத்தை ஒருத்தர் தொடப்படாது, எச்சல். உனக்கு அண்டாவிலே இருக்கு, போய்க் குடி" என்றேன்.

"சரி மாமா" என்று போய்க் குடித்தாள். சொன்ன பேச்சைத் தட்டாத பெண்.

அன்றுமுதல் என்று நினைக்கிறேன், விஜயம் என்னோடு அதிகம் பேசுவதில்லை. இப்போது வீட்டில் நான் காய்ச்சி வைக்கிற தண்ணீரையும் தொடுவதில்லையாம். இந்த வயசில் பெண்கள் அப்படித்தான், போகப்போகச் சரியாகிவிடும்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். தமிழ்ப் பெண்கள் பன்னிரண்டு பேர், கடிதம் மட்டும் ஏன் பதினொன்று என்று. பன்னிரண்டாவது பெண் விஜயம். என் வீட்டுக்கு எதற்குக் கடிதம், பிள்ளைவாள்? நாலாவது விஷயம் எனக்குத்தான் தெரியுமே.