முன்மொழிபவர் கையெழுத்து

– பிரஷ்ஷைக் கீழ வை நூரோவா. தேர்தலுக்கு நாலு வாரம் இருக்கிறப்போ மேயர் வந்து கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சான்னு ஊரே சிரிக்கும்.

– சிரிக்கட்டும்க்கா. அப்பா அம்மா கல்லறைக்கு நான் அடிக்காம வேற யாரு அடிப்பாங்க?

– மூணு வருஷமா யாரு அடிச்சா?

– நீதான்.

– ஆங். அது என்ன பொட்டலம்?

– சேப்ப இலை, தேங்காய்ப்பால் ஊத்தி வேக வெச்சது. லிட்டியா குடுத்துவிட்டா.

– ஓட்டுக்குத் தீனி போட்டா குத்தம்னு உன் ஆபீஸ் சுவத்துல நீதான ஒட்டின?

– நாத்தனாருக்குக் கீரை குடுக்கிறதை எந்தக் கோர்ட்டு குத்தம்னு சொல்லும்?

– கோர்ட்டு சொல்லாது, ஈசாயா சொல்லுவான். உனக்கு எதிரா நிக்கிறவன் அவன்தானே. சரி, விஷயத்துக்கு வா மேயரய்யா. சட்டைப் பையில ஃபாரம் துருத்திக்கிட்டு நிக்குது.

– மூணு மணிக்கு மனு வாங்கறதை நிறுத்திடுவாங்க. முன்மொழியறவங்க இடம் காலியா இருக்குக்கா. ரெண்டு தடவையும் நீதான் போட்ட.

– இந்தத் தீவுல எழுதப் படிக்கத் தெரிஞ்ச வேற ஆளே இல்லியா?

– இருக்காங்க. ஆனா நாளைக்கு அந்த ஃபாரத்தைச் சுவத்துல ஒட்டுவாங்க. ஒருத்தரும் மேல என் பேரைப் படிக்க மாட்டாங்க. கீழ உன் பேரு இல்லைங்கிறதைத்தான் படிப்பாங்க. போன வாட்டி பதினோரு ஓட்டுல ஜெயிச்சவன் நான். நீ போடலைன்னா இன்னிக்கே தோத்தேன்.

– தோத்தா என்ன? குடியா முழுகிடும்?

– பள்ளிக்கூடம் போயிடும். அறுபது பிள்ளைங்க இருந்தது, கொரோனாவுக்கு மூடின எல்லையைத் திறந்த நாலு மாசத்துல நாப்பத்தொண்ணு ஆயிடுச்சு. வர்ற பிளேன்ல நாலு பேர் இறங்கறாங்க, போற பிளேன்ல ஒரு குடும்பமே ஏறிடுது. ஈசாயா வந்தான்னா பள்ளிக்கூடத்தை மூடிட்டு மிச்சம் இருக்கிற பிள்ளைங்களையும் தலைநகர் ரரோதோங்காவுக்கு அனுப்பிடுவான். அதை எங்கிட்டயே சொல்லிட்டான்.

– ம்.

– என்ன ம்?

– உன் நோட்டீஸைக் கடையில பாத்தேன். ‘கொரோனாவில் நம் தீவு ஒருவரையும் இழக்கவில்லை.’ பெரிசு பெரிசா எழுத்து.

– உண்மைதானேக்கா? இங்க ஒருத்தருக்குக்கூட...

– ஆமாமா. இங்க ஒருத்தருக்கும் இல்ல. டேய், அதுக்கு அடிக்காதே! அந்தக் கடைசிக் கல்லறைக்கு.

– ஏன்?

– உள்ள என் புருஷன் இல்ல.

– அக்கா...

– உன் மாமா ஆப்பரேஷனுக்கு ஆக்லாந்து போறதுக்கு முன்னாடி தானே சிமெண்ட் குழைச்சுக் கட்டினாரு. கட்டி முடிச்சதும் அளவு பாக்கறேன்னு உள்ள இறங்கி மல்லாந்து படுத்தாரு. ‘கால் இடிக்குது மாயேவா, இன்னும் நாலு விரக்கடை வேணும்’னாரு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். இப்ப அதுல மழைத்தண்ணி நிக்குது, தவளை கத்துது. அவரை அங்க எங்கியோ குளிர்ல புதைச்சாங்க. அதையும் போன்ல பாத்தேன். குழிக்குள்ள இறக்கறப்போ லைன் கட் ஆயிடுச்சு.

– எனக்கு மட்டும் வலிக்கலைன்னு நினைக்கிறியா? மீன் பிடிக்கக் கத்துக்குடுத்ததே தியோகோதாய் மாமாதான். சத்தியமாச் சொல்றேன், என் கையில என்ன இருந்தது? ரரோதோங்காவுல இருந்து ஆர்டர்.

– ஆர்டரா?

– ஆமா.

– ஆர்டர் வந்திருந்தா எதுக்குடா சர்ச் மண்டபத்துல கூட்டம் போட்ட? ஆக்லாந்துல மாட்டிக்கிட்ட நம்ம ஆளுங்க இருபத்திரெண்டு பேரைத் தனி பிளேன்ல ஏத்தி விடறோம், உங்க தீவு ஏத்துக்குமான்னுதான் கேட்டாங்க. ஆர்டர் போடலை. கேட்டாங்க.

– சரி, கேட்டாங்க. தீவும் பதில் சொல்லுச்சு. ‘வேண்டாங்கிறவங்க கையைத் தூக்குங்க’ன்னேன். நூத்தி எண்பது கை. அதுல உன் கையும் ஒண்ணு, யோசிச்சுப் பாரு.

– நீ அங்க பேரை வாசிச்சியா?

– என்ன பேரு?

– இருபத்திரெண்டு பேரோட பேரை.

– சுண்ணாம்பு கெட்டியாயிடுச்சு, கொஞ்சம் தண்ணி ஊத்தவா?

– கேக்கறேன்ல?

– வாசிக்கலை.

– பட்டியல் உங்கிட்ட இல்லியா?

– இருந்தது.

– எங்க?

– இதே மாதிரிச் சட்டைப் பையில. ஒன்பதாவது பேரு மாமா. பக்கத்துல ‘ஆப்பரேஷன் முடிந்தவர், வீடு திரும்பக் கேட்கிறார்’னு எழுதியிருந்தது. கூட்டம் நடந்த ரெண்டு மணி நேரமும் அது நெஞ்சுல சுட்டுக்கிட்டே இருந்தது.

– ஏன்டா வாசிக்கலை?

– பேரை வாசிச்சா கை எறங்கிடும்க்கா. இருபத்திரெண்டு பேருன்னா அது நம்பர். தியோகோதாய்னா யாரு கையைத் தூக்குவா? நமக்கு ஒரு நர்ஸ், ரெண்டு ஆக்ஸிஜன் சிலிண்டர். எழுபது வயசு தாண்டினவங்க நாப்பது பேரு. உன் மக சலோமி வேற அப்ப ஏழு மாசம் முழுகாம இருந்தா. பயந்துட்டேன். மாமாவைக் கூப்பிட்டா மீதி இருபத்தொரு பேரையும் கூப்பிடணும். அதனால மறைச்சேன். ஆறு வாரத்துல அவர் அங்கயே கொரோனாவுல போயிடுவாருன்னு சத்தியமா நினைக்கலை.

– இதை யாருகிட்டயாவது சொல்லியிருக்கியா?

– லிட்டியாகிட்டகூடச் சொன்னதில்ல. ஆர்டர், ஆர்டர்னு சொல்லிச் சொல்லி நானே அதை நம்ப ஆரம்பிச்சுட்டேன். விடுக்கா. இப்படி ஒரு காரியம் பண்ணிட்டு உங்கிட்டயே வந்து கையெழுத்து கேக்கறேன் பாரு, எனக்கே அசிங்கமா இருக்கு. ஃபாரத்தைக் கிழிச்சுடறேன்.

– கிழிச்ச, சுண்ணாம்பு வாளியை உன் தலையில கவுத்துடுவேன். குடு இங்க.

– வேண்டாம்க்கா. நீ எட்டு மாசமா என் முகத்தைப் பாத்துப் பேசலை. ஏன்னு எனக்குத் தெரியாதா?

– ஏன்? சொல்லு.

– மாமாவை வரவிடாதவன் நான்.

– ஊரும் அதைத்தான் சொல்லுது. மேயர் கல்நெஞ்சன், மாயேவா பாவம். கடைக்குப் போனா ரொட்டிக்குக் காசு வாங்க மாட்டேங்கிறாங்க. சர்ச்சுல முன் பெஞ்சை ஒதுக்கி வெக்கிறாங்க. அந்தப் பாவத்துல உக்காந்து எட்டு மாசம் சோறு தின்னுட்டேன் நூரோவா. உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தா ராத்திரி தூக்கம் வந்தது. அதுக்காகத்தான் பேசலை.

– என்னக்கா சொல்ற? எனக்குப் புரியலை.

– பேனா எங்க? இந்தா, போட்டுட்டேன். மூணு மணிக்குள்ள கொண்டு போ. போறப்போ அந்த நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போ.

– கிழிச்சுடறேன். ஆனா நான் பண்ணினதைக் கேட்டப்புறமும் எப்படிக்கா...

– கூட்டத்துக்கு முந்தின சாயங்காலமே உன் மாமா போன் பண்ணினாருடா. ‘பட்டியல்ல என் பேரு இருக்கு மாயேவா, நாளைக்கு நீ மட்டும் கையைத் தூக்கிடாதே’ன்னாரு. நான் தூக்கினேன்.