இரவல் தகடு

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, கதிர்வீச்சு மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, தோழர்களே! அனைவருக்கும் வணக்கம். மறைந்த மூத்த மதிப்பீட்டாளர் அண்ணனைப் பற்றி இங்கே தேன் சொட்டச் சொட்டப் பேசினீர்கள். எனக்கோ சந்தேகமாக இருக்கிறது. உயிரோடு இருந்தபோது அவர் தலையைக் கண்டாலே வேறு வாசல் தேடியவர்கள் அல்லவா நீங்கள்!

சந்தேகசாமி என்று நாம்தான் அவருக்குப் பெயர் வைத்தோம். புற்றுநோய்க் கட்டியைச் சுடும் கார்பன் அயனிக் கற்றை உடம்புக்குள் எத்தனை துண்டுகளாகச் சிதறும், அவை கட்டியைத் தாண்டி எங்கே போகும் என்ற எண்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. விண்கலத்துச் சுவரின் தடிமனையும் இதே எண்களை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். எண்கள் முரண்பட்டால் அண்ணன் நிம்மதியாகத் தேநீர் குடிப்பார். ஒத்துப்போனால்தான் அவருக்குத் தூக்கம் கெடும்.

கடைசி அளவீடுகள் அப்படித்தான் வந்தன. இரண்டு ஆய்வகங்கள், இரண்டு குழுக்கள், அச்சில் வார்த்தது போல ஒரே விடை! நாமெல்லாம் கைதட்டினோம். அவர் மட்டும் இரண்டு இடத்துக்கும் தொலைபேசியில் பேசினார். உடம்புக்குப் பதிலாகக் கற்றையை மோதவிடும் பிளாஸ்டிக் தகட்டை ஓர் ஆய்வகம் மற்றதிடம் இரவல் வாங்கியிருந்தது தெரிந்தது. தகட்டின் தடிமனைத் தவறாகக் குறித்திருந்தால் இரண்டு விடையும் சேர்ந்தே தவறும் அல்லவா? தகட்டை மறுபடி அளக்கும்வரை கையெழுத்திட மாட்டேன் என்றார்.

அந்த எண்களுக்காகக் காத்திருந்த முதல் நோயாளி யார்? நம் அண்ணி! கட்டி பார்வை நரம்பை ஒட்டி இருக்கிறது. தாமதித்தால் கட்டி வளரும். கணக்குப் பிசகினால் கண் போகும். அண்ணனின் மைத்துனரே என் முன்னால் கேட்டார்: "பொண்டாட்டி மேல கொஞ்சமாவது பாசம் இருக்கா உங்களுக்கு?"

"இருக்கிறதாலதான் கேக்குறேன், தகடு எங்கே?" என்றார் அண்ணன்.

போன வாரம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. அவர் நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் எண்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. தகட்டை அளந்தது யார்? இயக்குநர் அவர்களே, உங்கள் அலுவலகத்தில் ஒருவர், தகடு பார்சலில் தொலைந்துவிட்டது என்கிறார். இன்னொருவர், அளந்தாயிற்று என்கிறார். தொலைந்த தகட்டை எப்படி ஐயா அளந்தீர்கள்? மருத்துவர் ஏன் அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கிறார்? எனக்கு யார் மீதும் பகையில்லை. நம்பிக்கையும் இல்லை.

தகடு கிடைத்தால் அளப்போம். கிடைக்காவிட்டால் புதுத் தகட்டில் முதலிலிருந்து தொடங்குவோம். அண்ணன் விட்ட வேலையை என் அளவீட்டுப் பிரிவு எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதுவரை வலியோடு காத்திருக்கப்போவது நாமல்ல. அதனால் நேற்று அண்ணியிடமே போய்க் கேட்டேன். தாமதத்தின் ஆபத்தையும் மறைக்கவில்லை. அவர் சொன்னது இது: "அவர் போயிட்டார்னா எண்ணு சரியாயிடுமா? அளந்துட்டு வாங்க. அதுக்கு முன்னால நான் அந்த மேசையில படுக்க மாட்டேன்."

நன்றி சொல்லி அமர்வது வழக்கம். நான் அமரப்போவதில்லை, இயக்குநர் அவர்களே. ஒலிபெருக்கி இதோ இருக்கிறது. அண்ணிக்குப் பதில் சொல்ல வாருங்கள்.