ஸ்வீடன்காரருக்கு மீன் கழுவத் தெரியுமா

சிங்கப்பூரில் எண்ணெய் விலை ஏறிய வருடம். சிராங்கூன் சாலையிலிருந்து தோ பாயோ போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாவும் முப்பது வயது மதிக்கத்தக்க மகனும் இருந்தார்கள். மீன் பை மகன் மடியில் இருந்தது.

“உனக்குப் பதிலா வர்ற ஸ்வீடன்காரன் மீன் கழுவுவானா?” என்று அம்மா கேட்டார்.

“அவரும் என்னை மாதிரி பத்திரிகைக்காரரும்மா. எரிசக்தி பத்தி எழுத நான் அங்க மூணு மாசம், அவரு நம்ம வீட்டுல மூணு மாசம். எக்ஸ்சேஞ்சுன்னா அதான். நீங்க சரின்னாதான் நாளைக்கு ஆபீஸ்ல சொல்ல முடியும்.”

“நம்ம மாடியில லிஃப்ட் நிக்காதுன்னு சொன்னியா? அரிசி மூட்டைய ரெண்டு மாடி தூக்கணும்.”

“கரண்ட் மிச்சம்னு சந்தோஷப்படுவாரு. அதைப் பத்திதான் எழுதுறாரு.”

“நீயும் அதைத்தானே எழுதுற? ஒரு நாளாச்சும் சந்தோஷமா தூக்கியிருக்கியா?”

மகன் மீன் பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

“மீன் விஷயத்த எழுதிக் கேக்கட்டுமா?”

“கேளு. கழுவுவேன்னு பதில் வந்தா நீ போ.”

“மூணே மாசந்தாம்மா. ஓடி வந்துருவேன்.”

“அவசரமில்ல லா. ஆறு மாசம்கூட இருந்துட்டு வா.”