வெளிச்சம் படக் கூடாத வகுப்பு

ஒரு பொருளுக்கு மதிப்பு வரவேண்டுமானால் அதன் மேல் ஒரு துணியைப் போர்த்த வேண்டும். நான் கொடகவெல டவுனில் வாங்கியது நீலத் துணி, ஓரத்தில் வெள்ளைப் பூ. நான்கு பழைய டிவிகளுக்கும் ஒரே மாதிரி உறை தைக்கக் கொடுத்தேன். வாசலில் ‘செருப்பைக் கழற்றவும்’ என்று எழுதி ஒட்டினேன். மற்றதையெல்லாம் பெற்றோரே செய்துகொண்டார்கள்.

இத்தனை வருஷம் கழித்து வாக்குமூலம் எழுத வந்து நீங்கள் கேட்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். 2001ஆம் ஆண்டு. கொடகவெலக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா ஒன்று பாழடைந்து கிடந்தது. அதன் முதுகுப் பக்கம் செங்குத்தான மண்மேடு, அதற்கு மேல் தேயிலை. அந்த அறையில் கம்பியூட்டர் வகுப்பு தொடங்கினேன். என்னிடம் கம்பியூட்டர் இல்லை. கொழும்பு புறக்கோட்டை நடைபாதையில் விற்கும் டிவி கேம் இருந்தது. அதோடு எழுத்துகள் பதித்த ஒரு பலகையும் தருவார்கள். தட்டினால் திரையில் எழுத்து விழும். அந்தப் பலகையால் வேறு பயன் கிடையாது. மீதியெல்லாம் விளையாட்டு.

பெற்றோரைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் ஆசிரியரைப் பிடிக்க வேண்டும். தோட்டப் பள்ளிக்கூடத்து அதிபர் நாகலிங்கம் மாஸ்டரை அழைத்து, அவர் பெயரைத் தட்டிக் காட்டினேன். திரையில் தன் பெயரைப் பார்த்தவர் அதற்குப் பிறகு எதையும் பார்க்கவில்லை. ‘டவுன் ஸ்கூல்ல கூட இது இல்ல தம்பி’ என்றார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அரை மணி நேரம் அவரே பேசினார். நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று கற்றுக்கொடுத்தேன். வாத்து சுடுவதற்குப் பெயர் கணக்கு. கார் ஓட்டுவதற்குப் பெயர் புவியியல். வீட்டில் கேட்டால் உண்மையையே சொல்லலாம். கணக்கில் மூன்றாம் கட்டம் தாண்டிவிட்டேன் என்று ஜெயம்மாவின் மகன் இந்திரகுமார் சொன்னபோது அவள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தாள். அவள் புருஷன் இருளப்பன் மட்டும் கிண்டல் பேசுவான். ‘எம்மகன் கம்பியூட்டரு படிச்சு கணக்கப்புள்ளயாகி, மொதல்ல எனக்குத்தான் அரைப்பேரு போடப்போறான் பாருங்க சேர்.’ கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளம்தான் என்ற பயம், அவனுடைய நகைச்சுவையில்கூட இருந்தது.

வகுப்பு நடக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது என்பது என் சட்டம். வெளிச்சம் பட்டால் பிள்ளை அதுவரை படித்தது மெஷினில் அழிந்துவிடும் என்றேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நாகலிங்கம் மாஸ்டர் உட்பட. ஜன்னல்களுக்குப் பலகை அடித்துத் தந்தது இருளப்பன்தான். பிள்ளைகள் பாதியில் வெளியே ஓடாமலிருக்க, நான் விறாந்தையில் உட்கார்ந்து கதவை வெளியே பூட்டி வைப்பேன். பூட்டைப் பார்த்த பெற்றோருக்கு மரியாதை இன்னும் கூடியது.

சரஸ்வதி பூசைக்கு விளையாட்டுப் பிடிகளைப் புத்தகங்களோடு வைத்துச் சந்தனம் பூசினார்கள். ஜெயம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாத்து சுடும் பிளாஸ்டிக் துப்பாக்கியை மட்டும் நான் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் தமிழ்ப் பிள்ளையின் கையில் அது இருப்பதைப் பொலிஸ் பார்த்தால் யாருக்கு என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பூசை முடிந்து சில வாரங்களில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் பிற்பகலில், மண்மேட்டுக்கு மேலே நிலம் வெடித்திருப்பதைக் கொழுந்து பறித்தவர்கள் கண்டார்கள். ஆபத்தென்று தொழிற்சாலைச் சங்கை ஊதினார்கள். லயத்து வீடுகளில் இருந்த சனம் மைதானத்துக்கு ஓடியது. தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை, நாகலிங்கம் மாஸ்டர், ஒரு பொலிஸ்காரர் மூவரும் மிச்சமிருந்தவர்களை இறக்கிக்கொண்டு என் பக்கமாக வந்தார்கள். உள்ளே ஒன்பது பிள்ளைகள். தகரக் கூரையில் மழை. டிவியில் சத்தம். அவர்களுக்குச் சங்கு கேட்கவில்லை.

சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

ஜெயம்மா கொழுந்துக் கூடையோடு ஓடி வந்தாள். ‘சேர், சங்கு ஊதிட்டாங்க. புள்ளைங்கள வெளிய எடுத்துருவமா?’

‘பரீட்ச நடக்குதும்மா. இப்ப தெறந்தா அழிஞ்சிரும். பத்து நிமிஷம். நீங்க போய் வீட்டுச் சாமானப் பாருங்க’ என்றேன்.

என் திட்டம் எளிமையானது. கூட்டம் நகர்ந்தால் உள்ளே போய் டிவிகளை அணைத்து, துப்பாக்கியை எடுத்துவைத்து, உறையைப் போர்த்திவிட்டுப் பிள்ளைகளை வெளியே விடலாம். கூட்டம் நகரவில்லை. இருளப்பன் இரும்பு அலவாங்கோடு வந்தான்.

‘கதவ ஒடச்சிர்றேன் சேர்.’

அவனைத் தடுத்தது நான் அல்ல. ‘ஏங்க, சும்மா இருங்க. சேருக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரியும்? ஆறு மாசப் படிப்புங்க’ என்று ஜெயம்மா அலவாங்கைப் பிடித்துக்கொண்டாள்.

‘படிப்பாடி இப்ப பெருசு?’

‘ஆமா. ஒங்களுக்கு அது தெரிஞ்சிருந்தா நாம ஏன் இங்க கெடக்குறோம்?’

துரை நாகலிங்கம் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போது உள்ளே பிள்ளைகள் கைதட்டினார்கள். யாரோ ஒரு கட்டம் தாண்டியிருக்க வேண்டும். ‘பாத்தீங்களா, பாஸ் பண்ணிட்டாங்க’ என்று ஜெயம்மா சிரித்தாள். இருளப்பன் அலவாங்கைக் கீழே வைத்தான்.

மண் பின்பக்கமாக வந்தது. சத்தம் நான் நினைத்ததைவிடக் குறைவு.

விறாந்தையின் முன்படி அப்படியே நின்றது. உள்ளே எத்தனை பேர் என்று பொலிஸ்காரர் கேட்டார். பிறகு அவரே படியில் இருந்த செருப்புகளை எண்ணி எழுதிக்கொண்டார்.

வெறுங்கையால் மண் தோண்டியவர்களில் நான் முதலாவது ஆள். இதை அந்தத் தோட்டத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். எல்லோரும் பிள்ளைகளைத் தேடினார்கள். நான் துப்பாக்கியைத் தேடினேன். அது இந்திரகுமாரின் கையில் இருந்தது. விரல்களை விலக்கி எடுத்து இடுப்புச் சாரத்தின் மடிப்பில் சொருகிய பிறகுதான், ‘இங்க ஒரு புள்ள’ என்று கூப்பிட்டேன்.

விசாரணையில் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள், சேர் பக்கத்திலேயே நின்றார். நாகலிங்கம் மாஸ்டர் ஒன்பது பெயர்களையும் ஒரு கல்லில் வெட்டி, மேலே ‘கல்விக்காக’ என்று போட்டார். ஆண்டுதோறும் விளக்கேற்ற என்னைத்தான் அழைக்கிறார்கள்.

போன மாதம் இரத்தினபுரியில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு கருத்தரங்கு நடந்தது. தலைப்பு, வீடியோ கேம் என்னும் விஷம். அனுபவசாலி என்று என்னை மேடை ஏற்றினார்கள். மூளை கெடும், கண் கெடும், கை துப்பாக்கி தேடும் என்று பேசினேன். குறிப்பெடுத்தார்கள். அன்றைக்கு அதே பெட்டியைக் கல்வி என்றேன், சந்தனம் பூசினார்கள். இன்றைக்கு விஷம் என்றேன், கைதட்டினார்கள். இரண்டு தடவையும் பிள்ளையின் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அது என்னதான் பார்க்கிறது என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. இவர்களை ஏமாற்றினேன் என்று நீங்கள் சொல்வது எனக்குக் கொஞ்சம் மிகையாகப் படுகிறது.

கூட்டம் முடிந்ததும் ஜெயம்மா வந்தாள். தலை நரைத்துவிட்டது. ‘எம்புள்ள இருந்த காலத்துல இந்தக் கருமமெல்லாம் இல்ல சேர். அவன் கடைசி வரைக்கும் படிச்சான்’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘ஆமாம்மா, கணக்குல கெட்டிக்காரன்’ என்றேன்.

ஆம், கதவைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. சாவியும் இருந்தது. திறந்தால் என்னைக் காண்பார்கள் என்பதற்காகத் திறக்கவில்லை. இதில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளிடம் போய் இதைச் சொல்லுமுன் ஒன்றை யோசியுங்கள். விளையாடிக்கொண்டிருக்கும்போது செத்த பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? நான் அவளுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது செத்த பிள்ளையைக் கொடுத்திருக்கிறேன்.