பயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, செவிலியச் சகோதரிகளே, மறைந்த நம் மனநல ஆலோசகரின் கணவரே, மகளே, வேலையைப் போட்டுவிட்டு வந்து பின்சுவர் வரை நிற்கும் எங்கள் நோயாளிகளே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் சர்க்கரை நோய்ப் பிரிவு மருத்துவர். பேசிப் பழகியவன். அதட்டிப் பழகியவன் என்று சொன்னால் உங்களில் பாதிப் பேர் தலையாட்டுவீர்கள்.

பெற்றோர் நம் ஆலோசகருக்கு வைத்த பெயர் பதிவேட்டில் இருக்கிறது. நாம் வைத்த பெயர் மெதுவக்கா! யார் மூச்சிரைக்க ஓடி வந்தாலும், "மெதுவா... மெதுவா சொல்லுங்க. நான் எங்கயும் போகல" என்பார். எங்கேயும் போகமாட்டேன் என்றவர் போய்விட்டாரே!

அவருடைய அறையை நீங்கள் அறிவீர்கள். மாடிப்படிக்கு அடியில், முன்பு போர்வைகள் அடுக்கி வைத்திருந்த இடம். ஒரு சன்னல், அதற்கொரு பச்சைத் திரை. காற்று வீசினால் சுவரெல்லாம் பச்சை வெளிச்சம் அலையும். தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருக்கும். வெளியே டோக்கன் எண்ணைக் கூப்பிடும் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்பது போல இருக்கும். ஒருமுறை, "என் நோயாளிகளை அரை மணி நேரம் பிடித்து வைக்கிறீர்கள்" என்று சண்டை போடப் போனேன். "உட்காருங்க டாக்டர்" என்றார். உட்கார்ந்தேன். சண்டை போடப் போனவன் குறட்டை விட்டுத் திரும்பினேன்!

பேருந்து ஓட்டுநர் ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். கால்விரலில் ஆறாத புண். ஊசி மருந்து தொடங்கியே ஆக வேண்டும் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார், போட்டுக்கொள்ள மாட்டார். ஒருநாள் பொறுமை இழந்து, "காலை எடுத்தாதான் உங்களுக்குப் புத்தி வருமா?" என்று வரிசையில் நின்றவர்கள் காதுபடக் கத்திவிட்டேன். மறுபடி அவர் வரவேயில்லை.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன். காதுலயே வாங்கல" என்று மெதுவக்காவிடம் புலம்பினேன்.

"அவருக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? தெரிஞ்சதனாலதான் டாக்டர் வரல" என்றார்.

தன் வார விடுமுறையில் அந்தப் பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை போனார். அப்படியே திரும்பி வந்தார். கண்ணாடியில் அவரைப் பார்த்த ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரமும் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது வாரம், கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். எஞ்சின் நின்றது. பிற்பகல் வெயிலில் தூசி பொன்னாக மிதந்துகொண்டிருந்ததாம்.

"ஊசி போடச் சொல்லத்தானே வந்தீங்க அக்கா?"

"இல்ல. காத்து நல்லா வருது, உட்கார்ந்திருக்கேன்."

ஓட்டுநர் தானாகவே சொன்னார்: "எங்க அப்பாவுக்கு இந்த ஊசிதான். போட ஆரம்பிச்ச பத்தாம் நாள் போயிட்டாரு. தினமும் போட்டுவிட்டது நான்தான்."

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? "அதனால சாகலப்பா" என்று பாடம் எடுத்திருப்பேன்! மெதுவக்கா என்ன சொன்னார் தெரியுமா? "அதே கையாலதான் உங்களுக்கும் போட்டுக்கச் சொல்றோம். கஷ்டம்தான் தம்பி."

அந்த மனிதர் ஸ்டியரிங்கில் முகம் புதைத்து அழுதார். நெற்றி பட்டு ஹாரன் அலறியது. வண்டி கிளம்புகிறதென்று நினைத்து நிழலில் நின்றவர்களெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள்! அழுதவரும் சிரித்தார், அக்காவும் சிரித்தார்.

மறுநாள் காலை அவர் வந்தார். முதல் மாதம் அவர் மனைவி ஊசி போட்டார், பிறகு அவரே போட்டுக்கொண்டார். இரண்டு விரல்கள் போயின. கால் தப்பியது. இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

அன்றிலிருந்து "ஏன் மாத்திரை சாப்பிடல?" என்று கேட்பதை விட்டேன். "மாத்திரையைக் கையில எடுக்கும்போது மனசுல என்ன தோணுது?" என்று கேட்கிறேன். எத்தனை பதில்கள்! எத்தனை வருடங்கள் கேட்காமலே விட்டிருக்கிறேன்!

இனி நான் சொல்லப்போவதைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு சொல்கிறேன்.

ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு மதியம், மெதுவக்கா என்னைக் கூப்பிட்டார். அந்தப் பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மார்புல ஒரு கட்டி இருக்கு டாக்டர். எட்டு மாசமா."

"நீங்களா? நீங்களா இப்படி?" என்று பழையபடி குரல் உயர்ந்துவிட்டது எனக்கு.

"குளிக்கும்போது கை அந்தப் பக்கம் போகாம பார்த்துக்குவேன். அவ்வளவு சாமர்த்தியம்! ஊருக்கெல்லாம் சொன்னது எனக்கு எட்டல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு இருவரும் எழுந்து, ஸ்கேன் அறைக்கு நடந்தோம். அந்த நீண்ட தாழ்வாரத்தில் அவர் என் சட்டைக்கையைப் பிடித்திருந்தார்.

எட்டு மாதம் முன்பே வந்திருந்தால்? பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார் புற்றுநோய் மருத்துவர். அதை மறைப்பது அவருக்குச் செய்யும் துரோகம்.

மகளே, "அம்மா ஏன் எங்ககிட்டகூடச் சொல்லல?" என்று என்னிடம் கேட்டாய். உங்களை நம்பாமல் அல்லம்மா. உங்களிடம் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்ற பயம். அடுத்தவர் பயத்தை அவ்வளவு அறிந்தவரையும் அந்தப் பயம் விடவில்லை.

கடைசி வாரத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கூட்டம் போட்டு என்னைப் பெரிய மனுஷின்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க. நானும் பயந்தேன்னு சொல்லுங்க. கேட்டுட்டு யாராவது ஒருத்தர் சீக்கிரம் வந்தா போதும்."

சொல்லிவிட்டேன் அக்கா!

அன்பர்களே, அந்த அறை மறுபடி போர்வைக் கிடங்காகாது. கண்காணிப்பாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். அக்காவிடம் தொழில் பழகிய மூத்த செவிலியர் திங்கட்கிழமை முதல் அங்கே இருப்பார். புதன்கிழமைகளில் நான் இருப்பேன். அதட்ட மாட்டேன். ஏன் தாமதம் என்று கேட்க மாட்டேன். இது இந்தச் சபை அறிய நான் தரும் வாக்கு!

இந்த மண்டபத்தில் இப்போதும் எதையோ யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். கையைத் தூக்க வேண்டாம். எழுந்து நிற்க வேண்டாம். நான் மேடையை விட்டு இறங்கி வாசலுக்குப் போகிறேன். கடைசி ஆள் வெளியேறும்வரை அங்கேயே நிற்பேன். போகும்போது என்னருகே ஒரு நிமிடம் நின்றால் போதும்.