சிவப்பும் பச்சையும்

எங்கள் வீட்டில் எறும்பு மருந்து வாங்குவதில்லை. சர்க்கரை டப்பாவில் ஏறினால் வெயிலில் வைத்துவிடுவேன். அவையாகவே இறங்கிப் போய்விடும்.

என் பிழைப்பும் எறும்புகளால்தான். கண்ணாடி இழைக் கேபிள்களில் தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் நிரலை எழுதினேன். எறும்பு போகிற வழியில் வாசனை விட்டுச் செல்லும். நல்ல வழியில் வாசனை கூடும். என் நிரலும் சின்னச் சின்னச் சோதனைச் செய்திகளை ஓடவிட்டு அப்படித்தான் வழி பார்க்கும். ஒரு கேபிள் அறுந்தால் கண் இமைப்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடும்.

ஆற்றின் அக்கரைக்கு இரண்டு வழிகள். வரைபடத்தில் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. நிரலை மேலதிகாரிகளுக்குக் காட்டுவதற்கு முதல் நாள், கேபிள் ஒட்டுபவர் என் மேசைக்கு வந்தார். காலணியில் சேறு காயவில்லை.

"சார், பாலத்துக்கிட்ட சிவப்பும் பச்சையும் ஒரே குழாய்லதான் போகுது. இப்பதான் திறந்து பாத்தேன். உங்க எறும்புங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

சிரித்தேன். "வரைபடத்துல பதிஞ்சிடறேன். நீங்க போய் டீ குடிங்க."

பதியவில்லை. பதிந்திருந்தால் அக்கரைக்கு மாற்று வழியே இல்லை என்று என் நிரலே சொல்லியிருக்கும். மூன்று வருட உழைப்பைத் தள்ளிப்போட்டிருப்பார்கள். காட்டி முடித்ததும் பதியலாம் என்றிருந்தேன். கைதட்டினார்கள். அதற்கப்புறம் பதிந்தால், முன்பே தெரியுமா என்று கேட்பார்கள். நான்கு மாதம் போனது.

தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய இயந்திரம் பாலத்தடியில் இரண்டையும் சேர்த்து அறுத்தது. எறும்புகள் சிவப்பிலிருந்து பச்சைக்குத் தாவின, பச்சையிலிருந்து சிவப்புக்கு. திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கரையிலிருந்து நாற்பத்தேழு நிமிடம் யாராலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியவில்லை. குழிக்குள் இறங்கி இழைகளை ஒட்டியவர் அவர்தான். ஒட்டி முடித்ததும் அவருக்கு வந்த முதல் அழைப்பு, அக்கரையில் அவர் பக்கத்து வீட்டிலிருந்து. அவர் மனைவியின் கைபேசியில் ஆம்புலன்ஸுக்குப் பதினொரு அழைப்புகள் இருந்தன. ஒன்றும் போய்ச் சேரவில்லை.

ஒரே குழாய் என்று யாராவது சொன்னார்களா என்று போன முறை விசாரணையில் கேட்டீர்கள். இல்லை என்றேன். அது பொய். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அந்த அம்மாவின் செருப்பு அப்படியே கிடந்தது.

"சார், அந்தக் குழாய் விஷயம் உங்ககிட்ட சொன்னேனா? சொன்ன மாதிரி இருக்கு. நீங்க சிரிச்ச மாதிரிகூட இருக்கு. இல்ல, சொல்லணும்னு நெனச்சு விட்டுட்டேனா?"



"நீங்க சொல்லலை" என்றேன்.

"அப்ப நான்தான் அவளை..." என்றவர் முடிக்கவில்லை.

மற்றதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவரிடம் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் எனக்காகச் சொன்னதாக எழுத வேண்டாம். சொன்னோமா இல்லையா என்று தெரியாமல் மனிதர் தவித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு நிம்மதி கிடைக்கட்டும் என்று சொன்னேன்.