கல்லை எடுக்கேன்

மேற்கே கணவாய், கிழக்கே பொட்டல், நடுவிலே எங்கள் சருவலாபுரம். இந்தக் கதை நடந்தபோது ஊருக்கு ரயில் வந்து பத்துப் பன்னிரண்டு வருசம்தான் ஆகியிருந்ததாம். ஆடி பிறந்தால் கணவாய்க் காற்று இறங்கும். கூரையைப் பிய்க்கும், கோழியைத் தூக்கும், நிற்கிற காலி கூட்ஸ் பெட்டியையே நகர்த்திவிடும். அதனால் ஓரத் தண்டவாளத்தில் நிறுத்திய பெட்டிக்கு இந்தச் சக்கரத்தில் ஒரு கல், அந்தச் சக்கரத்தில் ஒரு கல் என்று முட்டுக் கொடுப்பார்கள்.

கல்லை வைக்கிறதும் எடுக்கிறதும் பாயிண்ட்ஸ்மேன் உச்சிமாகாளியின் வேலை. எங்களுக்குப் பூட்டன் அவர்.

ஒரு ஆடி மாசத்து மத்தியானம். கோயில் கொடைக்குக் கட்டிக்கொள்ள வேட்டியைத் துவைத்துத் தரையில் விரித்தாராம். காற்று சும்மா விடுமா? விரிக்க விரிக்கப் பறக்கும். ஓடி ஓடிப் பிடிப்பார். அவர் தங்கச்சி புருசன் பேச்சிமுத்து, கேங்மேன். அந்த ஓரத் தண்டவாளத்தில் குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து சிரித்தாராம்.

"என்ன மச்சான், உம்ம வேட்டி உமக்கு முன்னால கொடைக்குப் போவுது?"

"வாய மூடிட்டு வேலயப் பாரும்வே!"

அதே தண்டவாளத்தில் நின்ற காலிப் பெட்டிக்கடியில் ரெண்டு கல் இருந்தது. ஒன்று போதாதா என்று நினைத்தார். மச்சான் பார்த்தால் இன்னொரு கேலி வரும். அதனால் சத்தமில்லாமல் ஒரு கல்லை உருவிக்கொண்டு போய் வேட்டிமேல் வைத்தார்.

வேட்டி நின்றது. பெட்டி நகர்ந்தது. காற்றின் ஊளையில் பேச்சிமுத்துவுக்குச் சக்கரச் சத்தம் கேட்கவில்லை.

ஊரே பேச்சிமுத்துவிடம் ஓடியதாம். உச்சிமாகாளி வேட்டியிடம் ஓடினாராம். கல்லைத் தூக்கித் தண்டவாளத்தோரம் போட்டுவிட்டு, அப்புறம்தான் மச்சானிடம் வந்தார்.

ரயில்வே தொரை டிராலியில் வந்தார். ரெண்டு கல்லையும் பார்த்தார். காற்று தள்ளிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார். ஊரும் அதையே சொன்னது. உச்சிமாகாளியும் தலையாட்டினார்.

தங்கச்சி சிவனணைஞ்சா தினமும் பொழுது சாய்கிற நேரம் கணவாயைப் பார்த்து நிற்பாளாம். கை நிறைய மண்ணை அள்ளுவாளாம்.

"எந்தாலிய அறுத்த காத்தே, நீ நாசமாப் போ!"

தூற்றிய மண்ணைக் காற்று அவள் கண்ணிலேயே திருப்பிப் போடும். கண் சிவந்து, வீங்கி, மறுநாளும் வருவாள். மறுநாளும் தூற்றுவாள். மறுநாளும் அவள் கண்ணிலேயே விழும். பதினாறு நாள் பார்த்தாராம் உச்சிமாகாளி. பதினேழாம் நாள் எதிரே போய் நின்றார்.

"காத்து மேல போடாத தாயி. எம்மேல போடு. ஒரு கல்ல எடுத்தவன் நாந்தான்."

"எதுக்குண்ணே எடுத்த?"

"வேட்டி பறந்துது."

கையில் அள்ளிய மண் கையிலேயே இருந்தது. அப்படியே நின்று கேட்டாளாம்.

"எடுக்கும்போது ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா? பக்கத்துலதான இருந்தாரு. ஒரு சத்தம்."

மண்ணை உதிர்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஊரைக் கூட்டிச் சொன்னார். தொரையிடமும் போய்ச் சொன்னார். "எழுதியாச்சு, போ" என்றாராம் தொரை. அதற்குமேல் யாரும் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்பார்கள்.

அடுத்த தடவை பெட்டி கிளம்பும்போது கல்லில் கை வைத்துக் கத்தினாராம்: "கல்லை எடுக்கேன்!"

பதில் இல்லை. எஞ்சின் ஊதுகிறது. ஸ்டேஷன் மாஸ்டர் ஏசுகிறார். இவர் எடுக்கவில்லை. மறுபடி கத்தினார். அப்போது தண்டவாளத்தோரத்து வீட்டில், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து தங்கச்சி குரல் வந்தது.

"எடு."

அப்புறம் ஒவ்வொரு தடவையும் அவர் கத்துவார், அவள் சொல்வாள். சாகிறவரைக்கும் அண்ணனிடம் அவள் பேசியது அந்த ஒரு சொல்தான். மன்னித்துச் சொன்னாளா, தினமும் அவர் வாயால் அதைச் சொல்ல வைத்தாளா? எங்கள் வீட்டில் இன்றைக்கும் ரெண்டு பேச்சு உண்டு.

ஓரத் தண்டவாளம் இப்போது இல்லை. ஆனால் சருவலாபுரத்தில் லாரியோ டிராக்டரோ, முட்டுக்கல்லை எடுக்கிறவன் "கல்லை எடுக்கேன்!" என்று கத்தணும். யாராவது "எடு" என்கிறவரைக்கும் நிற்கணும். வெளியூர் டிரைவர்கள் சிரிப்பார்கள். எங்கள் வீட்டு ஆம்பளைகள் கத்தினால் மட்டும் பேச்சிமுத்து வீட்டுப் பொம்பளைகள்தான் பதில் சொல்லணும். சில நாள் அவர்கள் சீக்கிரம் சொல்வதில்லை.

கல்லில் கையை வைத்தபடி நாங்கள் நிற்போம்.